பெயர் ஒட்டிய பாத்திரம்

டன்லோவுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நாங்கள் முதலில் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை ஜார்ஜியாவைக் கொளுத்திக்கொண்டே வந்ததாம். எங்கள் ஊரை மட்டும் தொடாமல் போனதாம். ஹாலோவே மாளிகையின் மூத்த மகள் கூடத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்க, தளபதி கண் கலங்கிப்போய்க் குதிரையைத் திருப்பிக்கொண்டானாம். பக்கத்து ஊரிலும் இதே கதையைச் சொல்கிறார்கள். அங்கே பியானோவுக்குப் பதில் ரோஜாத் தோட்டம். என்னைக் கேட்டால், அந்தப் படைக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. இன்றைக்கும் நெடுஞ்சாலையில் இரண்டு முறை தப்பாகத் திரும்பினால்தான் டன்லோ வரும்.

ஆனாலும் பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பியானோவின் பக்கத்தில் நின்று அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். பெயர் ஒசெல்லா டேட்டம். வயது அறுபத்து மூன்று. அதற்கு முன் முப்பது வருஷம் அதே வீட்டின் சமையலறையில் நின்றேன். அப்போது பின்வாசல் வழியாக உள்ளே போவேன். ஹாலோவே குடும்பத்தின் கடைசி ஆளும் செத்து, வீடு ஊர்ப் பழமைக் குழுவின் கைக்கு வந்தபோது, எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த நாற்காலி உட்கார்ந்தால் உடையும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் மிச்சம். அதனால் முன்வாசல் வழியாக ஆட்களைக் கூட்டிப் போகும் வேலை எனக்கு வந்தது. வாழ்க்கை சில நேரம் இப்படியும் கேலி செய்யும்.

குழுவின் தலைவி மிசஸ் ஃபெல்டன் எல்லாவற்றையும் அட்டையில் தட்டெழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தாள். முன்தாழ்வாரத்துக்கு வந்தால் மேலே கைகாட்ட வேண்டும். கூரையின் உட்புறம் வெளிர்நீலம். குளவி அதை வானம் என்று நினைத்துக் கூடு கட்டாது. ஆவிகள் வந்தால் அதிலேயே ஏறிப் போய்விடும். கடைசி வரி: ‘உள்ளூர்க் கைவினைஞர்களால் பூசப்பட்டது.’

அந்த ‘உள்ளூர்க் கைவினைஞர்கள்’ ஒரே ஓர் ஆள். லெமுவேல் கெயின்ஸ். ஆறடி உயரம், ஊசி போல நேரான முதுகு, மாலையில் வீடு திரும்பும்போது காது மடலில் எப்போதும் ஒரு சொட்டு நீலம் இருக்கும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் அவன்தான் பூசினான். மாளிகையின் முதல் பூச்சுக்குக் கலந்த சாயத்தில் மிச்சம் இருந்தது என்றான். மிச்சம் வரும்படி அவனே கூடுதலாகக் கலந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதும் தெரியும். எனக்கு அப்போது இருபத்து மூன்று.

அவன் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் ஓர் ஊஞ்சல். மாளிகையின் கூரைக்குக் கடைசிப் பூச்சு முடித்த அன்று மத்தியானம், ஆகஸ்ட் வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வர, தாழ்வார ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிஷம். ஹாலோவேயின் மகன் அதைப் பார்த்துவிட்டான். ஒரு கறுப்பன் எங்கள் முன்தாழ்வாரத்தில், எங்கள் ஊஞ்சலில் என்று தெருவே கேட்கக் கத்தினான். லெமுவேல் எழுந்து, ‘இந்தக் கூரை இன்னும் காயவில்லை, கத்தாதீர்கள், தூசி ஒட்டும்’ என்றானாம். அன்று இரவே அவனுடைய மாமன் அவனைக் கொண்டுபோய் டெட்ராய்ட் ரயிலில் ஏற்றிவிட்டார். அப்படி ஏற்றியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அந்த ஊஞ்சலைப் பற்றியும் அட்டையில் இரண்டு வரி இருக்கிறது. சைப்ரஸ் மரம், கையால் இழைத்தது.

இரண்டு வருஷம் கழித்து அவன் அம்மா இறந்தபோது ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும் வந்துபோனான். அப்போதுதான் என் பாத்திரம் அவனோடு போனது.

எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் போகும். கோழி, பீன்ஸ், கிழங்கு, இனிப்பு. பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடா ஒட்டி அதில் வீட்டுக்காரியின் பெயரை எழுதியிருப்போம். துக்கம் ஆறிய பிறகு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமில்லாத வீட்டிலும் நாலு முட்டையாவது, ஒரு பிடி பெக்கான் கொட்டையாவது போட்டுத்தான் வரும். வெறும் பாத்திரம் திரும்பி வந்தால், உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. அழுது ஓய்ந்த வீட்டுக்காரர்கள் இனி யாரும் வர வேண்டாம் என்று நினைத்தால், கழுவிய பாத்திரங்களை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கதவைத் தட்டாமல் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

நான் கொண்டுபோனது பீச் காப்ளர். சர்க்கரையில் வெந்த பீச் பழம், மேலே வெண்ணெய் மாவு மூடி, ஓரம் பொரியும் வரை அடுப்பில் சுட்டது. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் எங்களைப் போன்ற கறுப்பர்களை உட்கார விடமாட்டார்கள் என்பதால் வழிக்குக் கட்டித்தான் அனுப்புவோம். பாதி தின்றிருந்த அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை அப்படியே துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன்.

“என்கூட வந்துடு, ஒசெல்லா,” என்றான், ரயில் நிலையத்தில்.

“அம்மா படுத்த படுக்கையா கிடக்குறாங்க. எப்படி வர?”

“அப்ப எப்ப?”

“அவங்க எந்திரிச்சு உட்காரட்டும்.”

“அதுவரைக்கும் இந்தப் பாத்திரம் என்கிட்ட இருக்கும். என் கையாலதான் கொண்டாந்து தருவேன். நீ வேற யார்கிட்டயும் வாங்கிக்காத.”

அம்மா பதினோரு வருஷம் படுக்கையில் இருந்தாள். லெமுவேல் ஐந்து வருஷம் காத்திருந்தான். பிறகு அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் வந்தது. என்னைக் கேட்டும் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவன்கூட நேரான முதுகோடு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவனிடமிருந்து ஓர் அட்டை வரும். குழந்தை பிறந்தது, வீடு மாறினோம் என்று இரண்டு வரி. கீழே தவறாமல், ‘உன் பாத்திரம் பத்திரமாக இருக்கிறது.’ ஊருக்கு மட்டும் வரவில்லை. உட்கார்ந்ததற்காகத் துரத்திய ஊரில் போய் நிற்கவும் மாட்டேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தான்.

முப்பத்தெட்டு வருஷம். தொண்ணூற்றிரண்டில் அவன் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன்பின் கடிதங்கள் நீளமாயின. தொண்ணூற்றாறு ஜூனில் வந்த கடிதம்தான் என்னைக் கெடுத்தது. ‘ஆகஸ்ட் முதல் ஞாயிறு, சபையின் ஊர்கூடலுக்கு வருகிறேன். மகள் ரெனீட்டா கார் ஓட்டுவாள். உன் பாத்திரத்தை என் கையால் கொண்டு வருகிறேன். வந்து, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.’

கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஐடெல்லாவிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. எங்கள் தேவாலயமான பிஸ்கா மலைச் சபையின் சமையலறை அவள் ஆட்சியில் இருக்கிறது. அங்கே பத்து நிமிஷத்தில் தெரிந்தது மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும்.

“என்னடி கேக்கப் போறானாம்?” என்றாள், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு.

“வந்து கேப்பான். எனக்கென்ன தெரியும்?”

“அறுபத்தெட்டு வயசு ஆம்பள ஆயிரம் மைல் தாண்டி வந்து வெங்காயம் என்ன விலைன்னா கேப்பான்? பாத்திரத்துல என்ன போட்டுக் கொண்டாரப் போறான்? டெட்ராய்ட்ல பனிய விட்டா என்ன இருக்கு?”

“வாய மூடு, ஐடெல்லா.”

“மூடிக்கிறேன். அந்த மஞ்சக் கவுன மட்டும் போட்டுட்டு வராத. பூசணிக்கா மாதிரி இருக்க.”

நான் நீலக் கவுன் தைத்துக்கொண்டேன். தாழ்வாரத்தை இரண்டு தடவை கழுவினேன். கூரையில் அவன் பூசிய நீலம் அங்கங்கே உரிந்து வெளிறியிருந்தது. அதை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் அதன் கீழே உட்கார்ந்து, அவன் என்ன கேட்பான், நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். ஆமாம் என்று சொல்லத்தான் போகிறேன். இரண்டு நிமிஷம் அவனைக் காக்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தது மிசஸ் ஃபெல்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாளிகை திறப்பதில்லை. ஆனால் அட்லாண்டாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் தப்பான தேதியில் வந்து இறங்கிவிட்டார்கள். பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஒசெல்லா, ஒரே ஒரு மணி நேரம். நாப்பது பேரு. எனக்குப் பியானோவ விட்டா வேற ஒண்ணும் தெரியாதே!”

“இன்னிக்கு எங்க சபையில ஊர்கூடல், அம்மா. வெளியூர் போனவங்க எல்லாம் வந்திருப்பாங்க. ஒரு மணிக்குச் சாப்பாடு.”

“பன்னண்டரைக்கெல்லாம் விட்டுடறேன். சத்தியமா.”

லெமுவேல் ஒரு மணிச் சாப்பாட்டுக்குத்தான் வருவதாக எழுதியிருந்தான். இரவெல்லாம் கார் ஓட்டி வருகிறவர்கள் ஆராதனைக்கு வந்து சேர முடியாது. சரி என்று நீலக் கவுனோடு மாளிகைக்குப் போனேன்.

பன்னிரண்டே காலுக்குத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டோம். நீலத்தைக் காட்டினேன், குளவி, ஆவி எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாள் கேட்டாள்:

“யாருங்க பூசினது?”

பதினோரு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அட்டையில் இருக்கும் வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அன்றைக்கென்று என் வாய்க்கு அது வரவில்லை. “லெமுவேல் கெயின்ஸ்” என்றேன். அந்தப் பெயரை அந்தத் தாழ்வாரத்தில் நின்று சத்தமாகச் சொன்னதும் மீதி எல்லாமே வந்துவிட்டது. ஊஞ்சல், கத்தல், காயாத கூரை, ராத்திரி ரயில், எல்லாம். மிசஸ் ஃபெல்டன் வெளிறிப்போய் நின்றாள். ஒருவரும் நகரவில்லை. அழுதார்கள், கேள்வி கேட்டார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கிழவர் ஊஞ்சலுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. சதுக்கத்தில் இருக்கும் கோர்ட்டுக் கடிகாரத்துக்கு நாலு முகம், நாலும் நாலு நேரம் காட்டும். அதை நம்பினது என் தப்பு. அங்கிருந்து கிளம்பியபோது நிஜ நேரம் இரண்டேகால்.

அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததாலேயே அவனைப் பார்க்கப் போகத் தாமதமானது.

சபை வளாகத்துக்கு ஓடினேன். மரத்தடி மேசைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சிகாகோ, கிளீவ்லாண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் புல்வெளியில் கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் இல்லை. சமையலறை வாசலில் ஐடெல்லாவின் மருமகள் ஷார்லீன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தாள்.

“இந்தாங்க அத்தை, உங்க பாத்திரம்.”

கண்ணாடிப் பாத்திரம். ஓரத்தில் நான் ஒரு தடவை குழாயில் இடித்த சின்ன வெட்டு. அடியில் புது ஒட்டுநாடா ஒட்டி, அதில் அவன் கையெழுத்தில் என் பெயர். பழையது உரிந்திருக்கும், மாற்றியிருக்கிறான். உள்ளே ஒன்றுமில்லை. பளபளவென்று காலியாக இருந்தது.

“இத யார் குடுத்தா?”

“மத்த பாத்திரத்தோட இருந்துச்சு. அடியில உங்க பேரு இருந்துச்சு, எடுத்து வச்சேன்.”

மரத்தடியில் எங்கள் சபை ஊழியர் டீக்கன் பர்விஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“டீக்கன், லெமுவேல் வந்தானா?”

“வந்தானே! இப்பத்தான் அவனும் மகளும் கார்ல ஏறிப் போனாங்க. ஒரு கால் மணி நேரம் இருக்கும்.”

அவ்வளவுதான் கேட்டேன். எங்கே போனார்கள் என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வந்தான், வெறும் பாத்திரத்தைச் சமையலறையில் தள்ளிவிட்டுப் போய்விட்டான், தன் கையால்கூடத் தரவில்லை என்று என் புத்தியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. என்னிடம் கேட்க இருந்ததை வழியிலேயே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு இதுதான் பதில்.

யாரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். என் அம்மாவையும் திட்டினேன், நீலக் கவுனையும் திட்டினேன். அந்தப் பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. வாசற்படியில் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் விழுந்து அழுதேன். நன்றாக, சத்தமாக அழுதேன். அறுபத்து மூன்று வயதில் அப்படி அழ வரும் என்று நினைக்கவில்லை.

மூன்றரை மணி இருக்கும். தெருவில் ஒரு கார் மெதுவாக வந்து என் வீட்டெதிரில் நின்றது. எங்கள் தெருவில் அது புதிதில்லை. பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் ஊர்ந்து ஊர்ந்து வருவார்கள், இறங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், சில பேர் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். கண்ணாடி போடாமல் ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். கூனிய முதுகோடு ஒரு கிழவர், கையில் தடி, படிக்குப் பக்கத்தில் நின்று தாழ்வாரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அழகைப் பார்க்க வந்துவிட்டார்கள், இன்றைக்கு நாற்பது பேருக்குக் கதை சொன்னது போதாதா என்று எரிச்சலாக இருந்தது. அவர் தலை குனிவது தெரிந்தது. திரையை இழுத்து மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிப் போனது.

ஐந்து மணிக்கு ஐடெல்லா பின்வாசல் வழியாக வந்தாள், அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டோடு. என் முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன்டி, உனக்குக் கூறு இருக்கா? ஒரு மனுஷன இப்படியா அவமானப்படுத்துவ?”

“நானா? அவன்தான் வெறும் பாத்திரத்தக் குடுத்து விட்டுட்டான்!”

“எது வெறும் பாத்திரம்?” ஐடெல்லாவின் வாய் திறந்தபடி நின்றது. “ஐயோ என் தெய்வமே. அது நெறைய காப்ளர்டி! பீச் காப்ளர். அவனே பண்ணது. அடி கருகி, மேல பலக மாதிரி, எங்க பாட்டன் செருப்பு அதவிட மெத்துனு இருக்கும். ஆனா மனுஷன் அந்த மேசைய விட்டு நகரல. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், ‘எடுத்துக்கங்க, ஆனா இந்த மூலைய மட்டும் தொடாதீங்க, இது ஒசெல்லாவுக்கு’ன்னு ஒரு மணி நேரம் காவல் காத்தான்.”

“அப்புறம்?”

“நீ வரல. எங்க போனேன்னும் எங்க யாருக்கும் தெரியல. அம்மா கல்லறைய பாத்துட்டு வந்துடறேன்னு மகளோட கெளம்பினான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மைல்தானே. அவன் அந்தாண்ட போனதும் டீக்கன் பர்விஸ் அந்த மூலையையும் வழிச்சுத் தின்னுட்டாரு. நம்ம சட்டந்தான் உனக்குத் தெரியுமே. ஷார்லீன் கழுவி, பேரப் பாத்து, உன்கிட்ட குடுத்துட்டா.”

சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவிப் பெயர் பார்த்து அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவளே நான்தான். இருபது வருஷத்துக்கு முன் என் நல்ல வாணலி ஒன்று காணாமல் போன கோபத்தில் போட்டது. அது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு மண்டை வேலை செய்யாது. பெயிண்ட் அடிக்கிறவன் காப்ளர் சுடுவான் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

“அவன் திரும்பி வந்தானா, ஐடெல்லா?”

“வந்தான். மேசைல பாத்திரம் இல்ல. ஷார்லீன்கிட்ட கேட்டான். அவ, ‘ஒசெல்லா அத்தை வந்தாங்க, பாத்திரத்த வாங்கிட்டு அப்பவே போயிட்டாங்க’ன்னுட்டா. அவ மேல என்ன தப்பு? அவன் மொகம் செத்துப் போச்சு. மகளுக்குக் காலைல வேலையாம், நாலு மணிக்கெல்லாம் ரோட்டப் புடிக்கணும்னா. அவன், ‘போற வழியில அவ வீட்டுக் கதவ ஒரு தடவ தட்டிப் பாத்துட்டுப் போறேன்’னு சொன்னான். நான் கையத் தொடச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள கார் போயிடுச்சு. ஏன்டி, தட்டலையா?”

கூனிய கிழவர். தடி. அண்ணாந்து பார்த்த தலை. தன்னுடைய நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பிறகு தலை குனிந்தானே, படியில் கவிழ்ந்திருந்த பாத்திரத்தைப் பார்த்திருக்கிறான். எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு அதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் வர வேண்டாம், தட்ட வேண்டாம், எடுத்துக்கொண்டு போ.

“நான் திரைய இழுத்து மூடிட்டேன், ஐடெல்லா. ஊரப் பாக்க வந்த ஆளுன்னு நெனச்சேன். அவன் கண்ணு முன்னாடியே மூடிட்டேன்.”

ஐடெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். நான் எழுந்துபோய் முன்கதவைத் திறந்தேன். அந்தப் பாத்திரத்தையாவது உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் போனேன்.

படியில் பாத்திரம் இல்லை.

படிக்குக் கீழே, செடிக்குப் பின்னால், தாழ்வாரத்தின் மறுமூலையில் என்று எங்கும் தேடினேன். இல்லை. படியின் ஓரத்தில் மண்ணில் தடி ஊன்றிய குழி மட்டும் இருந்தது. அவன் குனிந்திருக்கிறான். கூனிய முதுகோடு, தடியை ஊன்றிக் குனிந்து, என் பெயர் ஒட்டிய பாத்திரத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

“எடுத்துட்டுப் போயிட்டான்டி,” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அது உன் பாத்திரமாச்சே! உன் பேருதான போட்டிருக்கு?”

“ஆமா. அவன் பேரு இல்ல. என் பேருதான்.”

“அப்ப அதுக்கு என்னடி அர்த்தம்?”

சட்டத்தில் இதற்கு இடமில்லை. அடுத்தவர் பெயர் போட்ட பாத்திரத்தைப் படியிலிருந்து யாரும் எடுத்ததில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்தும் அவனால் வெறும் கையோடு போக முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

“ராத்திரி பூரா கார்லதான் இருப்பான். நாளைக்கு போன் பண்ணு,” என்றாள் ஐடெல்லா. “டைரக்டரியில கேட்டா நம்பர் குடுத்துடுவான்.”

“போன்ல பாத்திரம் வருமா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ மேக்கன் தாண்டி ஒரு எடத்துக்குப் போயிருக்கியா? அட்லாண்டாவுக்கே கூப்பிட்டா சத்தத்துல காது வலிக்குதும்ப.”

“அம்மா எந்திரிச்சு உட்காரட்டும்னு சொன்னேன். அவங்க போயே இருபத்தேழு வருஷமாச்சு. அவன் வரணும் வரணும்னு இங்கயே உட்காந்திருக்கேன். என் பாத்திரம், ஐடெல்லா. நான்தான போய் வாங்கணும்?”

செவ்வாய்க்கிழமை காலை பஸ். திங்கட்கிழமை மாளிகைச் சாவியை மிசஸ் ஃபெல்டனிடம் கொடுக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழம நான் என்ன சொல்றது, ஒசெல்லா?”

அட்டையை வாங்கி, ‘உள்ளூர்க் கைவினைஞர்களால்’ என்பதை அடித்துவிட்டு, பேனாவால் அவன் பெயரை எழுதினேன். ஊஞ்சலின் இரண்டு வரிக்குக் கீழேயும் ஒரு வரி எழுதினேன். திருப்பிக் கொடுத்தேன்.

“பியானோ கதைய நீங்க என்னவேணா பண்ணிக்கங்க. இத மட்டும் இருக்கறபடி படிச்சிடுங்க.”

அவள் படித்துப் பார்த்துவிட்டு அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். படிப்பாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஐடெல்லா பஸ் வரை வந்தாள். ஷூ டப்பாவில் பொரித்த கோழி கட்டிக் கொடுத்தாள். இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாலும் கட்டித்தான் கொடுத்தாள். கூடவே ஒரு பை பீச் பழம். “அடி கருகாம எப்படிச் சுடறதுன்னு அந்தக் கிழவனுக்குக் காட்டு,” என்றாள். பஸ் சதுக்கத்தைச் சுற்றியபோது மக்னோலியா மரத்தையும், கோர்ட்டின் நாலு முகக் கடிகாரத்தையும், தூரத்தில் மாளிகைத் தாழ்வாரத்தின் நீலத்தையும் பார்த்தேன். அழகான ஊர்தான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

பக்கத்து ஸீட்டில் ஒரு வயதான அம்மாள் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தாள். டென்னசி எல்லை தாண்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“டெட்ராய்ட்ல யாரு இருக்காங்க?”

“என்னோட பாத்திரம் ஒண்ணு இருக்கு. வாங்கப் போறேன்.”

“பாத்திரத்துக்காகவா இவ்வளவு தூரம்? வெள்ளியா?”

“கண்ணாடிதான்,” என்றேன். “அதுல ஒரு மூலை எனக்கு பாக்கி இருக்கு.”